கண்ணீரும் போதையாகுமோ?

குடிப்பழக்கமுள்ள கணவன் இரவெல்லாம் அழுததாக ஒரு பெண்மணி என்னிடம் வந்து கூறியபோது, “அழுதுவிட்டாரல்லவா, இனித் திருந்திவிடுவார்” என்று ஆறுதல் கூறி அனுப்பினேன். அவ்வாறு கூறியது சரிதானா என்னும் ஐயம், ருஷ்ய ஆசிரியர் தஸ்தயேவ்ஸ்கி 1866இல் எழுதிய ‘குற்றமும் தண்டனையும்’ என்ற நாவலைப் படித்தபோது எழுந்தது.

அதில் மார்மெலாதவ் என்றொரு குடிகாரன் வருகின்றான். இழந்த அரசாங்க வேலை மீண்டும் கிடைத்து, முதற் சம்பளத்தை ஒரு காசும் குறையாமல் மனைவி கையில் ஒப்படைக்கின்றான். மறுநாளே அவளது பெட்டியின் சாவியைத் திருடி, மிஞ்சியிருந்த பணத்துடன் மதுக்கடைக்கு ஓடிவிடுகின்றான். குடும்பத்தின் பசிக்காகத் தன்னையே விலைப்படுத்திக்கொண்ட மகள் சோனியாவிடமும் சென்று கையேந்துகின்றான். அவள் தன்னிடமிருந்த கடைசி முப்பது கோபெக்குகளைத் தருகின்றாள். அதுவும் மதுவாகின்றது. இவற்றையெல்லாம் நமக்குச் சொல்பவன் யார்? அவனேதான்! மதுக்கடையில் அமர்ந்து, முன்பின் அறியாத ஒருவனிடம் தன் இழிவைப் பறைசாற்றுகின்றான். மனைவி தலைமயிரைப் பற்றி இழுக்கும்போது, அதுவும் தனக்கு இன்பமே என்கின்றான்.

குற்றவுணர்ச்சி அவனிடம் குறைவாகவா இருந்தது? இல்லை, மிகுதியாகவே இருந்தது. அழுது தீர்த்ததும் கடனைத் தீர்த்துவிட்டவன்போல் நெஞ்சம் இலேசாகிவிடுகின்றது. இலேசான நெஞ்சம் மறுபடியும் கோப்பையைத் தேடுகின்றது. ஆசிரியர் இதனைத் தம் வாழ்விலேயே அறிந்தவர். சூதாட்டத்தில் மனைவியின் உடைமைகளையும் இழந்து, மன்னிப்புக் கடிதம் எழுதி, மறுபடியும் ஆடியவர். 1871இல்தான் அதனை விட்டொழித்தார்.

மதுக்கடையில் அக்கதையைக் கேட்ட இளைஞன் ரஸ்கோல்நிகவ் வேறு வகையினன். அடகு பிடிக்கும் கிழவியையும் அவள் தங்கையையும் கொன்றவன். கொள்ளையிட்ட பணத்தை எண்ணியும் பாராமல் ஒரு கல்லுக்கடியில் புதைத்தவன். செய்யாத அக்கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டு, வண்ணம் பூசும் தொழிலாளி ஒருவன் காவலில் கிடக்கின்றான். இவன் வாய் திறவாதிருந்தால் போதும், தப்பிவிடலாம்.

நாற்சந்தியில் மண்ணை முத்தமிட்டு, ‘நான் கொலைகாரன்’ என்று உலகறியச் சொல்லுமாறு பணிக்கின்றாள் சோனியா. மண்டியிடுகின்றான். குடிகாரன் என்று மக்கள் நகைக்க, சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகின்றது. காவல் நிலையத்திற்குச் சென்றும் சொல்லாமலே வெளியேறுகின்றான். வாசலில் சோனியா நிற்கின்றாள். அவளைக் கண்டதும் மீண்டும் உள்ளே சென்று சொல்லிவிடுகின்றான்.

அரபியில் ‘நதாமத்’ என்றால் வருத்தம்; ‘தவ்பா’ என்றால் திரும்பி வருதல். சகமனிதருக்குத் தீங்கிழைத்தவன் வருந்தினால் மட்டும் போதாது, அவருக்குரியதைத் திருப்பிச் சேர்க்கவும் வேண்டும் என்றே மதரஸாவில் எங்களுக்குக் கற்பித்தனர். மாண்டோரின் உயிரை ரஸ்கோல்நிகவால் மீட்டுத்தர இயலாது. அந்தத் தொழிலாளியின் வாழ்வையாவது மீட்டுத்தந்தான். மார்மெலாதவோ எதையும் திருப்பித் தரவில்லை. அன்று அப்பெண்மணியிடம், அழுதாரா என்பதை விட்டுவிட்டு, எதைத் திருப்பித் தந்தார் என்றல்லவா நான் கேட்டிருக்க வேண்டும்?

இன்னொரு விந்தையும் உண்டு. எட்டாண்டுக் கடுங்காவல் பெற்றுச் சைபீரியா சென்ற பின்னரும் ரஸ்கோல்நிகவின் உள்ளம் நெடுங்காலம் இளகவில்லை. ஒருநாள் ஆற்றங்கரையில், சோனியாவின் காலடியில்தான் அவனுக்குக் கண்ணீர் வருகின்றது. தண்டனையில் இன்னும் ஏழாண்டுகள் மீதமிருந்தன.