கெடாதபோது செய்த வேலை

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் செலவைக் குறைக்கச் சொன்னால், மோட்டாரும் லிஃப்டும் பார்க்கும் டெக்னீஷியனின் சம்பளத்தில்தான் முதலில் கை வைக்கிறார்கள். எதுவும் கெடவில்லை, பிறகு ஆள் எதற்கு என்பது வாதம். அப்படிக் கேட்பவர்கள் கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்தைப் பார்க்கட்டும். 2001 பிப்ரவரி 28-இல் அதை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. பம்புகள் நின்றபின் சுரங்கங்களில் நீர் ஏறியது. மூடியது நட்டத்தால்தானே, பம்பு ஃபிட்டரால் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மறுபடி திறப்பதைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் அந்த நீரை வெளியேற்றும் செலவைத்தான் கணக்கிட வேண்டும். பாறை உடைத்தவருக்காவது பெயர் கிடைத்தது (அதுவும் சொற்பமே). பம்பு பார்த்தவருக்கு அதுவும் இல்லை. டெக்னீஷியனின் பராமரிப்புப் பதிவேட்டையாவது அடுத்த கூட்டத்தில் வாசித்துவிட்டுச் சம்பளத்தைப் பேசலாம்.