குதிரை முட்டை விற்றவன்

பரமார்த்த குருவின் சீடர்கள் குதிரை முட்டை வாங்கிய கதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொந்தம். அதை எழுதிய வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர் ஏலாக்குறிச்சி. திருக்காவலூர் என்று பெயரிட்டு அவர் கலம்பகம் பாடிய ஊர். குருவுக்குக் குதிரை தேடிப் போகும் சீடர்கள் பெரிய பூசணிக்காய்களைப் பார்த்து, இது என்ன என்று கேட்கிறார்கள். குதிரை முட்டை என்கிறான் அங்கிருந்தவன். காசு கொடுத்து வாங்கித் தலையில் சுமந்து வருகிறார்கள். வழியில் காய் விழுந்து உடைய, புதரில் கிடந்த முயல் மிரண்டு ஓட, குதிரைக்குட்டி ஓடுகிறது என்று அதன் பின்னால் ஓடுகிறார்கள்.

நான் இந்தப் பங்கில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இந்தக் கதையைப் பல வருடம் சொல்லியிருக்கிறேன். சிரிப்பு எப்போதும் சீடர்கள் மேல்தான் விழும். விற்றவனைப் பற்றி ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கதையும் அவனை அத்தோடு விட்டுவிடுகிறது. அவன் செய்தது எந்தக் கட்டளையை மீறிய பாவம்? ஏழாம் கட்டளையா, எட்டாம் கட்டளையா? களவா, பொய்யா? சென்ற மாசியில் எங்கள் தெருவில் நடந்த ஒன்றுக்குப் பிறகு இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சம்பா அறுவடை முடிந்து வீடுகளில் கொஞ்சம் காசு புழங்கும் நேரம். ஆண்கள் வெளியே போயிருக்கும் முற்பகல். ஒரே நிறச் சட்டை, கழுத்தில் அட்டை, தோளில் பை என்று இரண்டு பையன்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். “கேஸ் கம்பெனிலேர்ந்து வர்றோம். செக்கிங்.” என் சின்னம்மா தனியாக இருப்பவர்; ஒரு கண்ணில் புரை. வந்தவர்கள் நேரே அடுப்படிக்குப் போய் ரெகுலேட்டரை மூடிவிட்டு, “பாட்டி, டியூப் தேதி முடிஞ்சிருச்சு. வெடிச்சா யாரு பொறுப்பு? நாளைக்கு சிலிண்டர் வரலைன்னா எங்களக் கேக்கக் கூடாது” என்றிருக்கிறார்கள். ஒரு டியூப், ஒரு லைட்டர், அடுப்புக்குக் கீழே வைக்க ஒரு தகடு. 1,450 ரூபாய். ஒரு தாளில் கையெழுத்து. அதற்கு முன்பே சின்னம்மா அவர்களுக்கு மோர் கரைத்துக் கொடுத்திருந்தார். வெயிலில் அலைகிற பிள்ளைகள் என்று.

அவர்கள் விட்டுப்போன ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சின்னம்மாவிடம் கேட்டு எழுதினேன். என்னைக் கலங்கடித்தது இதுதான்: அவற்றில் நேரடிப் பொய் என்று விரல் வைக்க ஒன்றுகூட இல்லை. டியூப்புக்குத் தேதி உண்டு என்பது உண்மை. ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாய்க்கு ஐந்து ஆண்டு ஆயுள்; தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும். பழைய குழாய் ஆபத்து என்பதும் உண்மை. ரசீதில் ஏதோ ஒரு பெயருக்குப் பின்னால் ‘கேஸ் சர்வீஸ்’ என்று இருந்தது; ஆகவே கேஸ் கம்பெனி என்று சொல்லிக்கொள்ள இடமுண்டு. செக்கிங் என்றார்கள், சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கவும் செய்தார்கள். சிலிண்டர் வராது என்று அவர்கள் சொல்லவில்லை, வராவிட்டால் எங்களைக் கேட்காதே என்றுதான் சொன்னார்கள். இத்தனை உண்மைகளையும் கேட்டு முடித்தபோது சின்னம்மாவின் மனதில் இருந்தது முழுப் பொய்: இவர்கள் நமக்குச் சிலிண்டர் கொடுக்கிற ஏஜென்சியின் ஆட்கள், இதை வாங்காவிட்டால் இணைப்பு போய்விடும். அதே வேலைக்கான குழாய் ஏஜென்சியில் 200 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஏஜென்சியின் மெக்கானிக்கே பரிசோதனைக்கு வருவதும் உண்டு, ஆனால் லைட்டரும் தகடும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று அவர் சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் கேஸ் புத்தகத்தில் இருக்கிற எண்ணுக்குப் பேசலாம். கசிவு என்றால் இரவு பகல் எந்நேரமும் 1906.

இந்தக் கேஸ் அடுப்பு எங்கள் பக்கத்துக் குடிசைகளுக்கு வந்தே ரொம்பக் காலம் ஆகவில்லை. 2007 வாக்கில் மாநில அரசு இலவச அடுப்பு கொடுத்தது, 2016இல் உஜ்வலா எரிவாயு இணைப்புத் திட்டம் வந்தது. அதுவரை கருவேல முள்ளையும் வரட்டியையும் எரித்துச் சமைத்த பெண்களுக்கு, மூலையில் நிற்கும் இரும்பு உருளை உதவியும் பயமும் சேர்ந்த ஒன்று. அந்தப் பயத்தைத் தெரிந்துகொண்டே வந்து கதவைத் தட்டுகிறார்கள்.

உண்மையான சொற்களால் பொய்யை நட முடியுமா என்பது திருச்சபைக்குள் பழைய வழக்கு. புனித அகுஸ்தினார் 395 வாக்கில் பொய்யைப் பற்றியே தனி நூல் எழுதினார். பொய்யில் எட்டு வகை பிரித்தவர் அவர். வார்த்தை உண்மையா என்று மட்டும் அவர் பார்க்கவில்லை, ஏமாற்றும் எண்ணம் நெஞ்சில் இருக்கிறதா என்று பார்த்தார். பின்னால் வந்த சில இறையியலாளர்கள் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள்: வாயால் பாதியைச் சொல்லி மீதியை மனதுக்குள் சொல்லிக்கொண்டால் பொய் ஆகாது, கடவுளுக்கு முழு வாக்கியமும் கேட்கும் என்று. ‘கேஸ் கம்பெனியிலிருந்து வருகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லி, ‘உங்கள் கேஸ் கம்பெனி இல்லை’ என்று மனதுக்குள் முடித்துக்கொள்வது அச்சாக இதுதான். 1679இல் பாப்பரசர் பதினொன்றாம் இன்னசென்ட் இந்தப் போதனையைக் கண்டித்துத் தள்ளினார். அடுத்த வருடம் இத்தாலியில் பிறந்தவர்தான் எங்கள் வீரமாமுனிவர். அந்தச் சந்தினைத் திறந்துவிட்டவர்கள் என்று அவருடைய சேசு சபையைச் சேர்ந்தவர்கள் மேல் அப்போது பலத்த குற்றச்சாட்டு இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

இன்னொன்றையும் நான் மறைக்க விரும்பவில்லை. வேற்று ஊரிலிருந்து வேடம் மாற்றி எங்கள் வாசலுக்கு வந்தவர்கள் எங்கள் குருக்களும்தான். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் நொபிலி காவி கட்டினார். தான் பரங்கி அல்ல, ரோமாபுரியில் உயர்குலத்தில் பிறந்தவன் என்று அறிவித்தார். இது ஏமாற்று என்று அவருடைய சபைக்குள்ளேயே வழக்கு எழுந்து ரோமை வரை போனது. 1623இல்தான் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். வீரமாமுனிவரும் இந்நாட்டுத் துறவியின் கோலத்தில்தான் வாழ்ந்தார். நான் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். கோலம் மாறியதால் ஒருவன் பொய்யன் ஆகிவிடுவதில்லை. தன்னை விசாரிக்க விடுகிறானா என்று பார்க்க வேண்டும். நொபிலி மதுரையில் நாற்பது ஆண்டுக்கு அருகில் இருந்தார். நீ யார், எதற்கு வந்தாய், யார் அனுப்பினார்கள் என்று நாளையும் மறுநாளும் போய்க் கேட்க முடிந்தது. கேட்டார்கள், வாதாடினார்கள், பதில் வந்தது. சின்னம்மா வீட்டு ரசீதில் இருந்த எண்ணுக்கு அன்று மாலையே போன் போட்டோம். அணைத்து வைத்திருந்தார்கள்.

தொடக்க நூலின் 27ஆம் அதிகாரத்தைச் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஈசாக்கு கிழவர், பார்வை மங்கிவிட்டது. இளைய மகன் யாக்கோபு அண்ணனுடைய உடுப்பை உடுத்தி, கையிலும் கழுத்திலும் ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு உள்ளே வருகிறான். ஈசாக்கு ஏமாளி இல்லை. குரல் பொருந்தவில்லை என்று அவருக்குத் தெரிகிறது. கேட்கிறார், தடவிப் பார்க்கிறார், திரும்பவும் கேட்கிறார், முகர்ந்து பார்க்கிறார். அவ்வளவுக்குப் பிறகும் ஏமாறுகிறார், ஏனென்றால் எதிரில் நின்றவன் அந்தச் சோதனைகளை எல்லாம் முன்கூட்டியே எண்ணித் தயார் செய்து வந்தவன். விவிலியம் ஈசாக்கை ஒரு சொல்லாலும் குறை சொல்லவில்லை. யாக்கோபுக்கோ, பின்னாளில் லாபான் வீட்டில், ராகேலுக்குப் பதில் லேயா வந்து நிற்கிறாள். இந்தப் பகுதியில் அகுஸ்தினாரோடு எனக்கு உடன்பாடு இல்லை. யாக்கோபு செய்தது பொய் அல்ல, மறைபொருள் என்று அவர் எழுதினார். அந்தக் கிழவர் உண்மை தெரிந்ததும் உடல் நடுங்கினார் என்று வேதம் சொல்கிறதே, அந்த நடுக்கத்தை நான் அன்று எங்கள் தெருவில் கண்ணால் பார்த்தேன்.

நடுக்கத்தைவிட மோசமானது அதற்குப் பின்னால் வந்தது. மகன் போனில் திட்டினான்: “ஒனக்கு அறிவில்லையா? கண்டவனையும் உள்ள விடுவியா?” அன்றிலிருந்து சின்னம்மா வாசல் கதவைத் தாழ்போட்டே வைத்தார். பூசைக்கு வந்த கிளைக் கிராமத்துப் பெண்கள் தண்ணீர் கேட்டுத் தட்டியபோதுகூடத் திறக்கவில்லை. 1,450 ரூபாயோடு, வழிப்போக்கரை வரவேற்ற ஆபிரகாமின் கூடாரத்து வாசலையும் சேர்த்து அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அகுஸ்தினாரின் எட்டு வகையில் இது எந்த வகை என்று தேடினேன். கேட்பவரின் நல்ல குணத்தையே கருவியாக எடுத்துக்கொள்ளும் பொய்க்குத் தனி இடம் தந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

“யாரப்பா நீ, எந்த ஆபீஸ்னு கேட்டா வந்த புள்ளைங்க மனசு நோகாதா?” என்றார் சின்னம்மா. இதுதான் எனக்கு மெய்யான இறையியல் கேள்வி. சந்தேகப்படுவது அன்புக்கு எதிரான பாவமா? இல்லை என்று அடித்துச் சொல்வேன். நான் உபதேசியாராக எத்தனையோ வாசலில் நின்றவன். புது ஊரில் ஒரு கதவைத் தட்டினால், பெயரையும் ஊரையும் அனுப்பிய சாமியாரையும் வந்த காரியத்தையும் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன். வீரமாமுனிவர் எங்களைப் போன்றவர்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ என்று ஒரு நூல் எழுதினார். அடுத்தவன் வீட்டுக்குள் போகிறவனுக்கு முதலில் தன் ஒழுக்கம் வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே கண்டவர். வாசலில் நிற்பவன் தன்னை அறியத் தர வேண்டியது அவன் கடன். கேட்பது வீட்டுக்காரரின் உரிமை. கேட்டுவிட்டு மோர் கொடுக்கலாம். 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு கொண்டுவந்த நேரடி விற்பனை விதிகளும் கிட்டத்தட்ட இதையே சொல்கின்றன: அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வீட்டுக்கு வரக்கூடாது, பேச்சைத் தொடங்கும்போதே தான் யார், எந்த நிறுவனம், என்ன நோக்கம் என்பதை உண்மையாகச் சொல்ல வேண்டும்.

கேஸோடு இது நிற்பதில்லை. பிளக்கில் செருகினால் கரண்ட் பில் பாதியாகும் என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் ஊருக்குள் வந்தது. பச்சை விளக்கு எரியும். ஒன்றைத் திறந்து பார்த்தோம். ஒரு மின்தேக்கியும் விளக்குக்கான சில சாமான்களும்தான் உள்ளே. மின்தேக்கி பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் என்பது உண்மை. ஆனால் வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது நாம் செலவழித்த யூனிட்டை மட்டும்தான், பவர் ஃபேக்டருக்கு வீடுகளில் கட்டணமே இல்லை. பில் ஒரு பைசா குறையாது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் பில்லே வராத வீட்டிலும் இதை விற்றிருக்கிறார்கள்.

அந்தப் பையன்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவன் திருச்சிப் பக்கம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவன். டிப்ளமா முடித்து வேலை இல்லாமல் இருந்தான். சின்னம்மா கதையைக் கேள்விப்பட்டு ஒருநாள் வந்து, “ஐயா, நான் யார்கிட்டயும் பொய் சொல்லலியே” என்றான். அந்த வாக்கியங்களை அவனுக்கு எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைத்திருந்தார்கள். பெரிய எண்ணெய் நிறுவனங்களின் பெயரை வாயால் சொல்லவே கூடாது, கேஸ் கம்பெனி என்றால் போதும். வயதானவர்கள் இருக்கும் வீடாகப் பார். ஆண்கள் வேலைக்குப் போனபின் போ. தினம் இத்தனை டியூப் என்று கணக்கு. குறைந்தால் அன்றைய படி கிடையாது.

ஏவிய நிறுவனத்தையே தண்டித்த நாடும் உண்டு. பிரிட்டனில் மின்சாரமும் எரிவாயுவும் தனியார் கையில். கதவு தட்டி வாடிக்கையாளர் பிடிப்பது அங்கே பெரிய தொழிலாகவே நடந்தது. 2013இல் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், எஸ்.எஸ்.இ. என்ற நிறுவனத்துக்கு ஒரு கோடியே 5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. வீட்டு வாசலிலும் தொலைபேசியிலும் கடைகளிலும் மக்களைத் தவறாக வழிநடத்தி விற்றதற்காக. அபராதம் நிறுவனத்தின் மேல் விழுந்தது. இதே வரிசையைத்தான் அக்குவினாஸ் தோமையாரும் சொல்கிறார்: ஈடுகட்டும் கடமை முதலில் ஏவியவனுக்கு, அடுத்து செய்தவனுக்கு. ஏவியவன் கட்டாமல் போனால் செய்தவன் தப்ப முடியாது.

களவா, பொய்யா என்று பார்த்து என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பொய் மட்டும் என்றால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மனம் வருந்தலாம். களவும் என்றால் எடுத்ததைத் திருப்பித் தராமல் மன்னிப்பு முழுமையாகாது. நற்செய்தியில் வரும் சக்கேயு, ஏமாற்றி எடுத்ததை நான்கு மடங்காகத் தருவேன் என்றது அதனால்தான். இதில் இரண்டு கட்டளையும் மீறப்பட்டிருக்கிறது. ஏமாந்தவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. சின்னம்மாவின் மனுவை ரசீதோடு சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் பங்குப் பையனை ஏவியவர்கள் வாடகை அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். அவனிடம் பழைய ரசீதுப் புத்தகத்தின் கார்பன் நகல் ஒன்று இருக்கிறது. லால்குடிப் பக்கத்து முகவரிகள். யாரென்றே தெரியாதவர்களுக்குப் பட்ட கடனை ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று பழைய ஒழுக்க இறையியல் இடம் தருகிறது. முகவரி கையில் இருக்கும்போது மாதா கோயில் உண்டியலில் போட்டுவிட்டுப் போக முடியாது என்று அவனிடம் சொன்னேன். இப்போது ஒரு கடையில் வேலை பார்க்கிறான். தன் கமிஷன் பங்கையாவது மாதாமாதம் ஒதுக்குகிறான். பணத்தைவிட, அந்த வாசல்களில் நின்று தன் பெயரைச் சொல்லி, அன்று எதற்கு வந்தேன் என்று சொல்வதுதான் அவனுக்குப் பயமாக இருக்கிறது. தவக்காலம் முடிவதற்குள் போவோம், நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.