தளராத கைம்பெண்



சர்வேசுரன் யாவும் அறிந்தவர், அளவற்ற நீதியுள்ளவர். அப்படியிருக்க, ஒரே மன்றாட்டை நாள்தோறும் அவர்முன் வைப்பானேன்? பதில் காணாத நாளில் அவருடைய நீதியை நம்புவது எப்படி? ஜெபமாலை சொல்லுகிறவர்களுக்கே இக்கேள்வி எழுகிறது. ஆகையால் அதைப் பாவமென்று தள்ளாமல் ஆராய்ந்து பார்ப்போம்.

அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 18-ம் அதிகாரத்தில் சேசுநாதர் ஓர் உவமை சொல்லுகிறார். கடவுளுக்கு அஞ்சாத, மனிதரை மதியாத நீதிபதி ஒருவன். ஆதரவற்ற கைம்பெண் ஒருத்தி. அவள் விடாமல் வந்து முறையிட்டபடியால், தொந்தரவு தாளாமல் அவன் நியாயம் வழங்கினான். பூந்தமல்லி கோர்ட்டில் வாய்தாவுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஆனால், சர்வேசுரன் அந்த நீதிபதியைப் போன்றவர் என்பதல்ல உவமையின் கருத்து. அநீதனே இணங்குவானாகில், நீதியே உருவானவர் எவ்வளவு அதிகமாய்ச் செவிசாய்ப்பார் என்பதே.

அப்படியானால் இடைவிடாத ஜெபம் எதற்கு? தேவ சித்தத்தை மாற்றுவதற்கல்ல. ஜெபத்தின் வழியாய்த் தரும்படி அவர் சித்தங்கொண்டதை அடைவதற்கே என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் போதிக்கிறார். புரோபா என்னும் கைம்பெண்ணுக்கு எழுதிய நிருபத்தில் அர்ச். அகுஸ்தீன், ஜெபத்தால் நம் ஆசை வளர்ந்து, தேவ வரத்தை ஏற்கும் தகுதி நமக்கு உண்டாகிறது என்று விளக்குகிறார். மாறவேண்டியது கேட்கிறவனுடைய இருதயமே.

நம் நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1950 ஆகஸ்டு 10-ந் தேதி பிறந்த ஜனாதிபதி ஆணையின் மூன்றாம் பிரிவு, தலித் கிறிஸ்தவர்களை அட்டவணை சாதிப் பட்டியலுக்குப் புறம்பாக்கியது. சீக்கியருக்கு 1956-லும், பௌத்தருக்கு 1990-லும் கதவு திறந்தது. நம்மவரோ கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். 2004-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் அவர்களுக்குச் சாதகமாய்ச் சிபாரிசு செய்தது. 2022-ல் மத்திய அரசு வேறொரு கமிஷனை நியமித்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் அவர்களுக்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. பாட்டன் கையெழுத்திட்ட மனுவில் பேரனும் கையெழுத்திட்டான். இத்தனை காலமும் அவர்கள் கோவிலுக்கு வருவதை நிறுத்தவில்லை; கோர்ட்டுப் படியேறுவதையும் நிறுத்தவில்லை. உவமையின் கைம்பெண்ணும் வீட்டில் உட்கார்ந்து அழவில்லை, எழுந்து நடந்தாள். தேவ நீதியில் நம்பிக்கை வைப்பதென்பது கைகட்டியிருப்பதல்ல. "எல்லாம் மோட்சத்தில் சரியாகும்" என்று துன்பப்படுகிறவனுக்குச் சொல்லி நகர்ந்துவிடுவதும் விசுவாசமல்ல.

இன்னும் ஒரு வார்த்தை, சற்றுக் கசப்பானது. இவ்வுவமையைக் கேட்கும்போது நம்மைக் கைம்பெண்ணாகவே நினைத்துக்கொள்ளுகிறோம். நீதிபதியின் நாற்காலியில் நாமே உட்கார்ந்திருந்தால்? திருச்சபைக்குள்ளேயே சாதி வேற்றுமை இருப்பதை 2016-ல் இந்திய ஆயர் பேரவையே தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை, பெண் கொடுக்கும்போது சாதி விசாரணை, வேலைக்காரிக்குத் தாமதமாகும் கூலி: இவற்றைக் குறித்து நம் வாசற்படியில் முறையிடுகிறவர் யார்? அவரை "நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டு, நம் மன்றாட்டுக்கு மாத்திரம் இன்றே பதில் கேட்பது எந்த நியாயம்?

ஆகையால், அம்பத்தூர் தொழிற்சாலையில் வேலையிழந்தவரே, நோயாளிப் பிள்ளைக்காக விழித்திருக்கும் தாயே, மனந்தளராதேயுங்கள். ஆண்டவர் தாமதிக்கலாம், மறப்பதில்லை. இன்றிரவு ஜெபத்தில் உங்கள் வேண்டுதலோடு, உங்களிடம் நியாயம் கேட்டுக் காத்திருக்கும் ஒருவருடைய பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். விடிந்ததும் அவருக்குச் சேரவேண்டியதைக் கொடுங்கள். மனுமகன் வரும்போது பூமியில் விசுவாசத்தைக் காண்பாரோ என்று உவமையின் முடிவில் ஆண்டவர் கேட்கிறார். அக்கேள்விக்கு நம் பதில் அதுவாக இருக்கட்டும்.