எட்ட நின்றே பாருங்கள்

அலாஸ்காவின் கச்சமாக் விரிகுடாவில், ஹோமர் ஊருக்கு எதிர்க்கரையில் சில தங்கும் விடுதிகள் உண்டு. சாலை கிடையாது. படகிலோ மிதவை விமானத்திலோதான் போக வேண்டும். அவ்வளவு பாடுபட்டு, பணமும் கொட்டிப் போனவருக்குக் கை பரபரக்கத்தான் செய்யும். துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு கடல் நீர்நாயின் பக்கத்திலேயே போய்ப் படம் பிடிக்கத் தோன்றும்.

அதுவோ மல்லாந்து மிதந்தபடி வயிற்றின் மேல் கல்லை வைத்து, அதில் சிப்பியை அடித்து உடைத்துத் தின்றுகொண்டிருக்கும். குட்டி தூங்குவதும் அம்மாவின் வயிற்றின் மேல்தான். திமிங்கிலத்துக்கும் சீலுக்கும் இருக்கிற கொழுப்புப் போர்வை இதற்கு இல்லை. குளிரைத் தாங்க அடர்ந்த ரோமமும் ஓயாத தீனியும்தான் துணை. தினமும் தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தின்றாக வேண்டும். (நமக்கும் அப்படியொரு கணக்கு இருந்தால் ரேஷன் கடை என்ன ஆவது!) நாம் நெருங்கி, அது பயந்து மூழ்கி ஓடினால் பாடுபட்டுத் தின்றதெல்லாம் வீண்.

அந்த ரோமத்துக்காகவே கொன்று குவித்தார்கள். 1911இல் பாதுகாப்பு உடன்படிக்கை வந்தபோது உலகில் மிஞ்சியவை சுமார் 2,000 மட்டுமே. இன்று அலாஸ்காவில் கடல் பாலூட்டிகளை விட்டு 100 கஜமாவது தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். விடுதித் திண்ணையில் ஒரு நாற்காலி, நல்ல பைனாகுலர், கொஞ்சம் பொறுமை. இவை இருந்தால் போதும். படகை அப்புறம் எடுக்கலாம்.