தகட்டில் படியும் மூச்சு

கண்ணாடி முன் நிற்கும்போது நாம் என்ன தேடுகிறோம்? பெரும்பாலும் நேற்றைய முகத்தைத்தான். நேற்று இருந்தது இன்றும் அப்படியே இருக்கிறதா என்று மனம் மெல்லத் தடவிப் பார்த்துக்கொள்கிறது. மூக்கு உடைந்தவர்களுக்கு இந்தத் தேடல் இன்னும் கூர்மையாகிவிடுகிறது.

முகத்தின் எலும்புகளில் அதிகம் முறிவது மூக்கெலும்புதான். முகத்துக்கு முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும் மெல்லிய எலும்பு அது. ஒரு பந்து போதும், ஒரு படிக்கட்டு போதும்.

என் அக்காள் மகனுக்குக் கிரிக்கெட் பந்து பட்டது. காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் உள்ளே விளக்கடித்து, நடுச்சுவரில் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்த்தார். கட்டியிருந்தால் உடனே வெளியேற்ற வேண்டும். விட்டால் குருத்தெலும்பு அழிந்து மூக்குத்தண்டு உள்வாங்கிவிடும். அப்படி ஏதும் இல்லை. "வீக்கம் வடியட்டும், நாலு நாள் கழிச்சு வாங்க" என்றார்.

வீங்கிய மூக்கில் உண்மை வடிவம் தெரியாது. வீங்கிய மனத்திலும் தெரியாது. வீக்கம் வடியக் காத்திருப்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதிதான். அந்தக் காத்திருப்புக்கும் எல்லை உண்டு. பெரியவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம், குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. அதற்குள் நிமிர்த்தாவிட்டால் எலும்பு கோணியபடியே கூடிவிடும். எப்போது காத்திருப்பது, எப்போது கை நீட்டுவது என்று அறிந்த மருத்துவரைக் காணும்போது, தியானத்தில் நெடுங்காலம் அமர்ந்தவர்களின் நிதானம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

நான்கு நாள் கழித்துப் போனபோது அவர் ஒரு பழைய புகைப்படம் கேட்டார். கல்லூரி அடையாள அட்டையை நீட்டினோம். அதை வெளிச்சத்தில் பிடித்துச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, உங்க மூக்கு முன்னாடியே கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சுதான் இருந்திருக்கு" என்றார். பத்தொன்பது வருடம் அந்த முகத்தோடு வாழ்ந்தவன் அதைப் பார்த்ததே இல்லை. பெற்ற தாயும் பார்த்ததில்லை. குறையென்று ஒன்று தெரியாதவரை அங்கே நிறைவு மட்டுமே இருந்திருக்கிறது!

நிமிர்த்துவதற்குச் சில நிமிடங்களே ஆயின. எட்வின் ஸ்மித் பெயரால் அறியப்படும் எகிப்தியப் பாப்பிரஸ் சுவடி, சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன்பே, முறிந்த மூக்கைச் சுத்தம் செய்து துணித்திரி வைக்கும் முறையைச் சொல்கிறது. எத்தனை காலமாக, எத்தனை கைகள் இந்தச் சிறு எலும்பை அன்போடு பற்றியிருக்கின்றன!

ஒரு வாரத்தில் கட்டைப் பிரித்தார்கள். மருத்துவர் கேட்டார்: "மூச்சு எப்படிப்பா இருக்கு?" கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்காமல் அவன் சொன்னான்: "இன்னும் லேசா வளைஞ்சிருக்கு சார்."

கேள்வி ஒன்று, பதில் வேறொன்று. ஒருவர் உள்ளே ஓடும் காற்றைக் கேட்கிறார். ஒருவன் வெளியே தெரியும் கோட்டைச் சொல்கிறான். இருவரும் ஒரே மூக்கைத்தான் பார்க்கிறார்கள், இருவருக்கும் நிறைவு வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. அவன் ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகம் நம்முடையது, அது நேராக இருக்க விரும்புவது பேராசை ஆகாது. சிலருக்குச் சில மாதம் கழித்து இன்னொரு அறுவை உண்மையாகவே தேவைப்படும். ஆனால் ஒப்பிடத் தொடங்கிய மனம் எந்த அளவில் நிற்கும்? அந்த அளவை எந்த மருத்துவரால் தர முடியும்?

மருத்துவர் வாதிடவில்லை. குளிர்ந்த எஃகுத் தகடு ஒன்றை எடுத்து அவன் நாசிக்குக் கீழே பிடித்தார். "கண்ணை மூடிக்கிட்டு மெதுவா மூச்சு விடுப்பா." தகட்டில் இரண்டு ஆவித் திட்டுகள் பூத்தன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

அவன் கண்ணைத் திறந்து பதறினான். அவர் சிரித்தார். யாருக்கும் இரண்டும் எப்போதும் சமமாக இருப்பதில்லை, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு துளை சற்றே அடைய மற்றது திறக்கும் என்றார். 1895இல் கெய்சர் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்தது அது. இடது, வலது நாசி மூச்சை இடகலை, பிங்கலை என்று பேசிய நம் யோகியர் தம் மூச்சிலேயே கண்டதும் அந்த மாறிமாறி ஓடும் ஓட்டத்தைத்தான்.

"இன்னொரு தடவை விடட்டுமா சார்?" என்று கேட்டான் அவன். கண்ணாடி மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. தகட்டின் மேல் பெரிய திட்டு ஓரத்திலிருந்து மெல்லக் கரைய, குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.