மூப்பும் பிணியும்

மூப்பு நோயா, உடலின் இயல்பா என்ற கேள்வி மருத்துவத்தைப் போலவே பழையது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் காலென் அதை நோயாகக் கொள்ளவில்லை. நோய் இயற்கைக்கு மாறானது, மூப்போ எல்லோருக்கும் இயற்கையாக வருவது என்பது அவர் வாதம். பௌத்தமும் இரண்டையும் பிரித்தே வைக்கிறது. சித்தார்த்தர் தேரில் சென்றபோது கண்ட கிழவரும் நோயாளியும் வேறு வேறு ஆட்கள். சுசுருத சங்கிதை இன்னொரு வழியில் போகிறது. பசி, தாகம், உறக்கம், மரணம் ஆகியவற்றோடு மூப்பையும் அது இயல்பான நோய்கள் என்ற வகையில் சேர்க்கிறது. அவற்றிலும் உரிய காலத்தில் வருவது ஒன்று, உடலைப் பேணாததால் காலத்துக்கு முன்பே வருவது ஒன்று என்று பிரிக்கிறது. இது காலெனிடம் இல்லாத நுட்பம். இயல்பான ஒன்று சிகிச்சைக்கும் உரியதாகலாம் என்பதற்கு இங்கே இடம் கிடைக்கிறது.

1977-இல் அமெரிக்க மெய்யியலாளர் கிறிஸ்டோபர் பூர்ஸ் காலெனின் தரப்புக்குப் புது வலுச் சேர்த்தார். உடலுறுப்பின் செயல்திறன், அதே பாலும் அதே வயதும் உள்ளவர்களிடம் வழக்கமாகக் காணப்படும் அளவுக்குக் கீழே போனால்தான் நோய் என்றார். எண்பது வயதுக்காரரை எண்பது வயதுக்காரரோடு ஒப்பிட்டால், அந்த வயதில் எல்லோருக்கும் பொதுவான தளர்ச்சி நோயாகாது.

இந்த அளவுகோல் எங்கே இடறுகிறது என்பதை மறதிநோயின் வரலாறு காட்டுகிறது. 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் விவரித்த நோயாளி, 51 வயதில் மருத்துவமனைக்கு வந்த ஒரு பெண். அவர் வயது குறைவாக இருந்ததால் அது தனி நோயாகப் பெயர் பெற்றது. எழுபது, எண்பது வயதில் நினைவு சிதைந்தவர்களுக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. வயதானால் புத்தி தடுமாறும் என்பதோடு பல பத்தாண்டுகள் விஷயம் முடிந்தது. இரு சாராரின் மூளையிலும் உள்ள சிதைவு ஒன்றே, ஆகவே நோயும் ஒன்றே என்று 1976-இல் நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் ஒரு மருத்துவ இதழில் எழுதிய தலையங்கம் வலியுறுத்தியது. அதன் பிறகே முதியோரின் மறதி பெரும் ஆய்வுத் துறையாக வளர்ந்தது. வயதோடு வருவதால் ஒன்றை இயல்பு என்று விட்டுவிடுவது எத்தனை பேரைக் கவனிப்பாரின்றி விட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டியதில்லை.

உயிரியலும் காலெனின் வாதத்தை ஆட்டிவைத்திருக்கிறது. மூப்புக்கு ஒரு நோக்கம் உண்டு, இளையவர்களுக்கு வழிவிடவே உடல் தளர்கிறது என்பது பழைய நம்பிக்கை. உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1951-இல் லண்டனில் ஆற்றிய உரையில் வேறு விளக்கம் தந்தார். காட்டில் பெரும்பாலான உயிர்கள் முதுமை அடையுமுன்பே இரையாகின்றன, அல்லது பட்டினியால் மடிகின்றன. ஆகவே பிற்காலத்தில் மட்டும் தீங்கு செய்யும் மரபணுக்களைக் களைய இயற்கைத் தேர்வுக்கு வலு இல்லை. அப்படியானால் மூப்பு இயற்கையின் ஏற்பாடு அல்ல, அதன் கவனக்குறைவு. அது மாற்ற முடியாததும் அல்ல. ஒரே ஒரு மரபணுவில் மாற்றம் நேர்ந்த நூற்புழுக்கள் இரு மடங்குக்கும் மேல் வாழ்ந்ததை 1993-இல் சிந்தியா கென்யனின் குழு காட்டியது. ஆனால் இயற்கை திட்டமிடாத எல்லாமே நோய் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. எது நோய் என்பதில் உடலைப் பற்றிய உண்மைகளோடு மனிதர் எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற தீர்ப்பும் கலந்திருக்கிறது.

அந்தத் தீர்ப்புக்கு விலை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் 'முதுமை' என்றே ஒரு குறியீடு இடம்பெறவிருந்தபோது எதிர்ப்பு எழுந்தது. முதியவர் நோயாளி என்று முத்திரை குத்தப்படுவார், மருத்துவர் உண்மையான காரணத்தைத் தேடாமல் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொள்வார் என்பது அச்சம். அந்தத் தலைப்பு நீக்கப்பட்டு, வயதோடு உள்ளார்ந்த ஆற்றல் குறைதல் என்ற பொருளில் மாற்றப்பட்டது. அச்சம் நியாயமானதே.

மூப்பு நோயா என்ற கேள்வி ஆய்வகத்தையும் விடுவதில்லை. மூப்பியலுக்கான கோர்டன் மாநாடு என்னும் ஆய்வாளர் கூட்டத்தை ஒட்டி முனைவர் பட்ட மாணவர்களுக்கும் இளம் ஆய்வாளர்களுக்கும் தனிக் கருத்தரங்கு நடப்பதுண்டு. இத்தகைய அரங்குகளில் புழு, ஈ, எலி, உயிரணு பற்றிய பேச்சே மிகுதி. ஆனாலும் இந்தக் கேள்வியைத் தொடாமல் அவர்களால் ஒரு சோதனையைக்கூட வடிவமைக்க முடியாது. 2009-இல் ராபமைசின் மருந்து, மனிதருக்கு ஏறத்தாழ 60 வயதுக்கு இணையான பருவத்தில் கொடுக்கப்பட்டும் எலிகளின் ஆயுளை நீட்டியது. ஆய்வக எலிகளில் பெரும்பாலானவை புற்றுநோயால் சாகின்றன. ராபமைசினோ கட்டிகளின் வளர்ச்சியைத் தடுக்கும். அது மூப்பைத் தாமதப்படுத்தியதா, ஒரு நோயை மட்டும் தள்ளிப்போட்டதா? ஆயுளை மட்டும் அளந்தால் விடை தெரியாது. தசை, இதயம், நோயெதிர்ப்பு எனப் பலவற்றையும் சேர்த்து அளந்தாக வேண்டும்.

மனிதரிடம் சிக்கல் இன்னும் கூடுகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மூப்பைத் தனியொரு நோயாகக் கொண்டு மருந்துகளுக்கு ஒப்புதல் தருவதில்லை. ஆகவே நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையைக் கொண்டு மூப்பியல் ஆய்வாளர் நிர் பார்சிலாயின் குழு வகுத்த பரிசோதனைத் திட்டம் வேறு வழி தேடியது. 65 முதல் 79 வயது வரையுள்ள, நீரிழிவு இல்லாத சுமார் 3,000 பேரிடம் இதயநோய், புற்றுநோய், மறதிநோய், மரணம் ஆகியவை எவ்வளவு தள்ளிப்போகின்றன என்று ஒருசேரக் கணக்கிடுவது அதன் வடிவம். மூப்புக்கு நோய் என்ற பெயர் சூட்டாமலே அதன் விளைவுகளைத் தாமதப்படுத்த முடியுமா என்பதை அது சோதிக்கும்.