உடையநங்கையின் பேறுகாலம்

நம்மாழ்வார் அவதரித்தது பொருநைக் கரையிலுள்ள குருகூரில் என்று சம்பிரதாயம் கூறியிருக்க, அன்னை உடையநங்கையின் பிறந்தகமாகிய நாஞ்சில் நாட்டுத் திருவண்பரிசாரத்தில்தான் என்று சாதிப்போரும் உண்டு. அவர்களோடு நான் வழக்காடுவதில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போயிருப்பாள் என்று எண்ணும் அந்த மனம் எனக்குப் பிரியமானது.

ஜீவன் தன் கர்மத்துக்கேற்ற கர்ப்பத்தை அடைகிறது எனில், எங்கே, எவ்விதம் பெறுவது என்று தாய் ஆராய்வது அகங்காரமன்றோ என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். அன்று என்பேன். வினை ஜீவனுக்குக் கருப்பையைக் காட்டலாம். நோவெடுத்தவளுக்குப் பற்றிக்கொள்ள ஒரு கை வேண்டாம் என்று அது எங்கும் விதிக்கவில்லை.

பிறக்கும் சிசுவைத் தீண்டி ஞானத்தை மறைக்கும் சடவாயுவை ஒறுத்தமையால் சடகோபர் எனப்பட்ட அக்குழந்தை, அழாமலும் பாலுண்ணாமலும் இருந்ததாம். அம்மௌனத்தின் மகிமையைப் பலகாலம் வியந்த நான், என் மகளின் பேறுகாலத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் மூடிய கதவுக்கு வெளியே நின்றபோதுதான், அழாத பிள்ளையை ஏந்திய உடையநங்கையை முதன்முதலாக நினைத்தேன். "எங்கம்மை பக்கத்துல நிக்கட்டும்" என்று மகள் உள்ளே கேட்டாளாம், இசையவில்லை. என் மனையாளின் கையிலிருந்த வெந்நீர்ச் செம்பு ஆறிப்போயிற்று. அழுகுரல் கேட்ட பிறகும் அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

வீட்டுப் பேற்றில் மாண்ட பெண்களை அறிந்தவன் ஆதலால், ஆஸ்பத்திரியை வேண்டாமென்று சொல்ல நான் துணியேன். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பேறுகளும் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. நூற்றுக்குச் சுமார் 45 சிசேரியன். உயிர் காக்கும் கத்தி வணங்கத்தக்கது. ஆனால் இத்தனை பேருக்கும் அது வேண்டியிருந்ததா என்பதையும், அவர்களை யாரேனும் கேட்டார்களா என்பதையும் நினைக்க நெஞ்சு பதைக்கிறது.

காவிரி வெள்ளத்தால் தாய் வந்துசேர இயலாத பெண்ணுக்குச் சிராப்பள்ளி ஈசன் பேறுபார்க்க வந்தபோது, வைத்தியனாக வராமல் அவளைப் பெற்றவளின் வடிவிலேயே வந்தான் என்பது தலபுராணம். நெல்லையிலோ, உலகை ஈன்ற காந்திமதியம்மைக்கே ஆடிப்பூரத் திருவிழாவில் வளைகாப்பிட்டு, முளைகட்டிய பயற்றை மடியில் கட்டுகிறார்கள். சென்ற ஆடியில், இரண்டாவதாகச் சூலுற்றிருந்த என் மகள், அந்தப் பயற்றில் ஒரு பிடியை முந்தியில் முடிந்துகொண்டு வந்தாள். மறுநாள் தாயுடன் புறப்பட்டு, பேறுகால அறையில் தாய் உடனிருக்கலாமா என்று மூன்று ஆஸ்பத்திரிகளில் கேட்டுவிட்டு, மூன்றாவதில் பெயர் பதிந்தாள்.